கணித ஒலிம்பியாட்: போட்டி எப்படி நடக்கிறது, வினாக்களை எப்போது, எப்படிப் பகிரலாம்?

வினா: டெல்டா_ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் படுகை மாவட்டம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாடநூலின் பயிற்சிக் கணக்குகளையெல்லாம் பருவம் தொடங்கும்போதே முடித்துவிட்டு, "இதைவிடக் கஷ்டமா ஏதாவது கொடுங்க மிஸ்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளைக் கணித ஒலிம்பியாடுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். ஆனால் விசாரித்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஒருவர் பி.ஆர்.எம்.ஓ. என்கிறார், இன்னொருவர் ஐ.ஓ.கியூ.எம். என்கிறார், பக்கத்துத் தனியார் பள்ளியில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் தேர்வுக்கும் ஒலிம்பியாட் என்றே பெயர். உண்மையான பாதை எது, ஒவ்வொரு கட்டமும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

இரண்டாவது ஐயம் வினாக்களைப் பகிர்வது பற்றியது. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்றில் நாளொரு கணக்கு இட்டு வருகிறோம். அண்மையில் ஒரு போட்டி முடிந்த அன்றே ஒருவர் வினாத்தாளைப் படமெடுத்துப் போட்டார். அது தவறு என்று சிலர் கண்டித்தார்கள், தேர்வு முடிந்த பிறகு என்ன ரகசியம் என்று சிலர் வாதிட்டார்கள். பழைய வினாக்களைத் தமிழாக்கிப் போடலாமா, விடையையும் சேர்த்தே போடலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பழைய_போட்டியாளன்

வணக்கம் மிஸ். பள்ளிகளில் கட்டணம் வாங்கி நடத்தப்படும் பல தேர்வுகள் ஒலிம்பியாட் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தாலும், பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் போட்டியிடும் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடுக்கான இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பதில் அவற்றுக்குப் பங்கில்லை. பதக்கத்தை விலைக்கு வாங்கிய மனநிறைவு வேண்டுமானால் கிடைக்கும்.

அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமாக இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்துடையது. பி.ஆர்.எம்.ஓ. என்பது முதற்கட்டத் தேர்வின் பழைய பெயர். கோவிட் காலத்தில் முறை மாறியபோது அதன் இடத்திற்கு ஐ.ஓ.கியூ.எம். வந்தது, அதை எம்.டி.ஏ.ஐ. என்னும் கணித ஆசிரியர் சங்கம் நடத்துகிறது. சென்னையிலுள்ள ஏ.எம்.டி.ஐ. என்னும் கணித ஆசிரியர் சங்கம் வேறு அமைப்பு, 1965-இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம் நடத்தும் என்.எம்.டி.சி. என்ற திறன் போட்டியும் உங்கள் மாணவிக்குப் பொருந்தும். அதில் ஒன்பது, பத்தாம் வகுப்பினருக்கான பிரிவு பாஸ்கரர் பெயரில் உள்ளது. ஒலிம்பியாடுக்கு முன் கைபழக அது நல்ல களம் என்பது என் கருத்து.

ஐ.ஓ.கியூ.எம். எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குரியது. அண்மை ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து வருகிறது. மூன்று மணி நேரத்தில் 30 வினாக்கள்: பத்துக்குத் தலா 2 மதிப்பெண், பத்துக்குத் தலா 3, பத்துக்குத் தலா 5, ஆக மொத்தம் 100. கொள்குறி வினாத்தாள் போலத் தெரிந்தாலும் தெரிவுகள் எதுவும் தரப்படுவதில்லை. ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரையிலான ஓர் எண். அதன் இரண்டு இலக்கங்களையும் ஓ.எம்.ஆர். தாளில் நிரப்ப வேண்டும். உதாரணமாக, 7-இன் 2024-ஆவது அடுக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள் எவை என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 7-இன் நான்காம் அடுக்கு 2401 என்பதையும், 2024 நான்கால் வகுபடும் என்பதையும் கவனித்தால் விடை 01 என்று வந்துவிடும். அதில் பூச்சியத்தையும் நிரப்ப வேண்டும் என்பதை மாதிரித் தாளில் ஒருமுறையாவது அவளுக்குப் பழக்கிவிடுங்கள்.

அடுத்த கட்டமான ஆர்.எம்.ஓ. என்னும் மண்டல அளவிலான ஒலிம்பியாட் முற்றிலும் வேறு வகை. மூன்று மணி நேரத்தில் ஆறே வினாக்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் முழு நிரூபணம் எழுத வேண்டும். விடை சரியாக இருந்து காரணம் இல்லையென்றால் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. விடையை எட்டாமலே சரியான திசையில் எழுதப்பட்ட பக்கத்துக்கு ஓரளவு கிடைக்கும். நம் பள்ளி மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் வடிவியல் தேற்றங்களைத் தவிர வேறெங்கும் நாம் அவர்களை நிரூபணம் எழுத விடுவதில்லை. ஆர்.எம்.ஓ.வில் தேறியவர்கள் ஜனவரியில் ஐ.என்.எம்.ஓ. என்னும் தேசிய அளவிலான ஒலிம்பியாட் எழுதுவார்கள். அதிலிருந்து சிலர் கோடைப் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டு, முகாமில் நடக்கும் தேர்வுகளின் வழியாக ஆறு பேர் அணியாவார்கள். மாணவி என்று சொன்னீர்கள்; ஐரோப்பியப் பெண்கள் கணித ஒலிம்பியாடுக்கும் இந்தியா நால்வர் அணியை அனுப்புகிறது, அதற்கும் இதே பாதைதான்.

பன்னாட்டு ஒலிம்பியாட் 1959-இல் ருமேனியாவில் தொடங்கியது. இந்தியா 1989 முதல் பங்கேற்கிறது; 1996-இல் மும்பையில் நாமே நடத்தினோம். இரண்டு நாள், நாளொன்றுக்கு நான்கரை மணி நேரம், மூன்று வினாக்கள். வினாவுக்கு 7 வீதம் 42 மதிப்பெண். முதல், நான்காம் வினாக்கள் எளியவை என்றும் மூன்றாவதும் ஆறாவதும் கடுமையானவை என்றும் சொல்வது வழக்கம். எளியது என்பது அந்த அரங்கின் கணக்குப்படி. பங்கேற்போரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் 1:2:3 என்ற விகிதத்தில் கிடைக்கும். 2024-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்தபோது இந்திய அணி நான்கு தங்கத்துடன் நான்காம் இடம் பெற்றது.

மறுமொழி 2: கோவை_பயிற்றுநர்

முந்தைய மறுமொழி பாதையைத் தெளிவாகச் சொல்லிவிட்டதால், நான் பகிர்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் குழுவில் கண்டித்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஓர் அறையில் தேர்வு முடிந்துவிட்டது என்பதால் எல்லா இடத்திலும் முடிந்துவிட்டதாக ஆகாது. ஆசிய பசிபிக் கணித ஒலிம்பியாடை எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கு மணி நேரம், ஐந்து வினாக்கள், பெருங்கடலின் இரு கரையிலும் உள்ள நாடுகள் அவரவர் ஊரிலேயே எழுதுகின்றன. அமெரிக்கக் கண்டங்களில் திங்கட்கிழமை பிற்பகலில் எழுதி முடிக்கும் தாளை ஆசிய நாட்டு மாணவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் திறக்கிறார்கள். அதனால்தான், அதிகாரபூர்வ இணையதளத்தில் வெளியிடப்படும் வரை வினாக்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும், இணையத்தில் விவாதிக்கக் கூடாது என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் ஒரு படம் வெளியானால், கடலுக்கு அப்பால் பல மாதம் உழைத்த ஒருவரின் முயற்சி வீணாகிறது.

பன்னாட்டு ஒலிம்பியாடில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. போட்டியை நடத்தும் நாட்டைத் தவிர மற்ற நாடுகள் வினாக்களை அனுப்பும். அவற்றிலிருந்து நடத்தும் நாட்டின் குழு ஏறத்தாழ 30 வினாக்களை இயற்கணிதம், சேர்ப்பியல், வடிவியல், எண் கோட்பாடு என்ற நான்கு தலைப்பில் பிரித்துக் குறும்பட்டியல் தயாரிக்கும். அணித் தலைவர்கள் கூடி அதிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுப்பார்கள். வினாக்களை முன்கூட்டியே பார்த்துவிடுவதால், தேர்வு முடியும் வரை அவர்கள் தங்கள் மாணவர்களிடமிருந்து விலக்கி வைக்கப்படுவார்கள். மாணவருக்கு வினாவில் ஐயம் எழுந்தால் முதல் அரை மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்; அந்தத் தாள் தலைவர்கள் அவைக்குப் போய் விடையோடு திரும்பும். பட்டியலிலுள்ள ஒரு வினா வேறெங்கோ ஏற்கெனவே வந்திருக்கிறது என்று யாரேனும் சுட்டிக்காட்டினால், அது எவ்வளவு அழகான கணக்காக இருந்தாலும் கைவிடப்படும்.

தேர்ந்தெடுக்கப்படாத இருபத்துச் சொச்சம் வினாக்கள் என்னவாகும் என்பது பலருக்குத் தெரியாது. அவை அடுத்த ஆண்டுப் போட்டி முடியும் வரை வெளியிடப்படுவதில்லை. அந்த ஓராண்டில் பல நாடுகள் அவற்றைத் தங்கள் அணித் தேர்வுகளுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. அத்தகைய பட்டியல் முன்னதாகவே எங்கிருந்தாவது உங்கள் குழுவுக்கு வந்தால், தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

இவையெல்லாம் புதிய வினாக்களுக்கானவை. பழைய வினாக்களுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஹோமி பாபா மையத்தின் தளத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் உள்ளன. பன்னாட்டு ஒலிம்பியாடின் தளத்தில் 1959 முதலான வினாக்கள் பல மொழிகளில் கிடைக்கின்றன. போட்டியின் பெயர், ஆண்டு, வினா எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பகிருங்கள். பயிற்சி நிறுவனங்கள் விலைக்கு விற்கும் தொகுப்புகளைப் படமெடுத்துப் போடுவது வேறு விஷயம், அது வேண்டாம்.

டெல்டா_ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. படத்தைப் போட்டவரிடம் பேசுகிறேன். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். தமிழாக்கத்தைப் பற்றியும், விடையைச் சேர்த்துப் போடுவதைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி 3: எண்_நேயர்

தாராளமாகத் தமிழாக்குங்கள், ஆனால் மூலத்தையும் கீழே இணைத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன். 1988-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் நடந்த பன்னாட்டு ஒலிம்பியாடின் ஆறாம் வினா மிகவும் புகழ்பெற்றது; அன்று பதினொரு பேர்தான் அதற்கு முழு மதிப்பெண் பெற்றார்கள். இரண்டு மிகை முழுக்களின் வர்க்கங்களுடைய கூடுதலை, அவற்றின் பெருக்கற்பலனோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுக்கும்போது மீதி வராவிட்டால், ஈவு ஒரு வர்க்க எண்ணாகத்தான் இருக்கும் என்று நிறுவ வேண்டும். 2, 8 என்று எடுத்தால் 68-ஐ 17-ஆல் வகுக்கிறோம், ஈவு 4. இதே வினா ஒரு குழுவில் "இரண்டு முழுக்கள்" என்று சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "மிகை" என்ற நிபந்தனை போனவுடன் கூற்றே பொய்யாகிவிடுகிறது: 1, −2 என்று எடுத்தால் 5-ஐ −1-ஆல் வகுக்கிறோம், ஈவு −5. அதை நிரூபிக்க முயன்று சோர்ந்துபோன பிள்ளைகள், குறை தங்களிடம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே "வெவ்வேறான", "குறைந்தது", "மிகை" போன்ற சொற்களைப் பகிர்வதற்கு முன் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விடையைப் பொறுத்தவரை, ஒரு வாரம் கழித்துப் போடுங்கள் என்பேன். வினாவுக்குக் கீழேயே விடை இருந்தால் கண் தானாகவே அங்கே போய்விடும்.

மறுமொழி 4: கிராமத்துக்_கணக்கு

எண்_நேயர் ஐயாவின் கடைசிக் கருத்தோடு நான் உடன்படவில்லை. நகரத்துப் பயிற்சி மையத்தில் படிக்கும் பிள்ளைக்கு, சிக்கிக்கொண்டால் கேட்க ஆசிரியர் இருக்கிறார், அண்ணன்மார் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த வாட்ஸ்அப் குழு ஒன்றுதான் கதி. ஒரு வாரம் எந்தத் துப்பும் இல்லாமல் உட்கார்ந்தால் எட்டாம் நாள் குழுவை விட்டே போய்விடுவான். நிரூபணம் எப்படி எழுதப்படுகிறது என்பதையே பார்த்திராத ஒருவனுக்கு, நன்றாக எழுதப்பட்ட பத்து நிரூபணங்களை முதலில் படிக்கக் கொடுப்பதில் என்ன தவறு?

மறுமொழி 5: கோவை_பயிற்றுநர்

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. முதல் மாதம் தீர்வுகளை வாசிக்கத் தருவதும், அதன் பிறகு விடைக்குப் பதிலாகத் துப்புகளை நாள்விட்டுத் தருவதும் எங்கள் வகுப்பில் பலனளித்தது. 1959-ஆம் ஆண்டின் முதல் வினாவையே எடுத்துக்கொள்ளலாம்: ஓர் இயல் எண்ணை 21-ஆல் பெருக்கி 4 கூட்டினால் வருவது தொகுதி, அதே எண்ணை 14-ஆல் பெருக்கி 3 கூட்டினால் வருவது பகுதி, எந்த இயல் எண்ணை எடுத்தாலும் இந்தப் பின்னத்தை மேலும் சுருக்க முடியாது என்று நிறுவுக.

திங்களன்று வினாவை மட்டும் போடுங்கள். 1, 2, 3 என்று இட்டுப் பார்ப்பவர்களுக்கு 25/17, 46/31, 67/45 என்று வரும், சுருங்காது என்ற நம்பிக்கை பிறக்கும். புதனன்று, "தொகுதிக்கும் பகுதிக்கும் பொதுவான ஒரு வகுத்தி இருந்தால், அது அவற்றின் மடங்குகளையும் வகுக்குமல்லவா?" என்று மட்டும் கேளுங்கள். வெள்ளியன்று, தொகுதியின் இருமடங்கையும் பகுதியின் மும்மடங்கையும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் 42 மடங்கு வரும், மிஞ்சுவது 8-உம் 9-உம். வித்தியாசம் 1 என்று கண்டவுடன், பொது வகுத்தி 1-ஐயும் வகுக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி தானாகவே வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை, குழுவில் வந்த நிரூபணங்களில் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை அந்த மாணவரின் ஒப்புதலோடு பொதுவில் இடலாம். உங்களுடைய தீர்வைவிட சக மாணவர் எழுதியதைத்தான் மற்றவர்கள் கவனமாகப் படிப்பார்கள்.

ஐ.ஓ.கியூ.எம். பதிவு இணையவழியாகவே நடக்கும் என்பதால், கல்வியாண்டு தொடங்கியதிலிருந்தே எம்.டி.ஏ.ஐ. தளத்தையும் ஹோமி பாபா மையத்தின் தளத்தையும் வாரம் ஒருமுறை பார்த்துவாருங்கள். தேர்வு மையம் உங்கள் ஊருக்கு அருகில் இல்லாமல் போகலாம். பயணச் செலவுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.