வன்னி வீதியில் சின்னச் சொகுசு எஸ்யூவி: ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

புளியங்குளத்தான்:

பிஎம்டபிள்யூ எக்ஸ்1 பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் விலை, வசதி என்று நான் பட்டியல் போடவில்லை. அத்தான் கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக் கலியாணத்துக்குக் கொண்டு வந்தது, இரண்டாவது தலைமுறை, எஃப்48, 1.5 லீற்றர் மூன்று சிலிண்டர். வவுனியாவில் தேத்தண்ணி குடித்துவிட்டு "நீ ஓடு, எனக்கு நித்திரை வருகுது" என்று திறப்பைக் கையில் தந்துவிட்டார். பின் சீற்றில் அம்மாவும் பெரியம்மாவும்.

ஓமந்தை தாண்டினால் ஏ9 வீதி எப்படி என்று தெரியும்தானே. நேர் வீதி, இரண்டு பக்கமும் காடு. இந்தக் காரில் 70இல் போகிறோம் என்பதே உடம்புக்குத் தெரியவில்லை, முள்ளைப் பார்த்துப் பார்த்துத்தான் காலைத் தளர்த்த வேண்டியிருந்தது. ஸ்ரியரிங் கொஞ்சம் பாரமாக இருக்கும், ஆனால் நேராகப் பிடித்தால் நேராகவே போகும், பெரிய லொறி எதிரே வந்து காற்றடித்தாலும் அசையாது.

கனகராயன்குளம் கழிந்து மைமல் நேரம். எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தையும் போட்டுக்கொண்டு வந்தது. அது எங்களைக் கடந்த பிறகுதான் முன்னால் ஒரு லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு ட்ரக்ரர், பெட்டியை இழுத்துக்கொண்டு போவதே தெரிந்தது, பெட்டி நிறைய ஆட்கள், பின்னால் ஒரு வெளிச்சமும் இல்லை, மின்னுகிற ஒட்டி கூட இல்லை. நான் முதலில் கண்டது பெட்டியை அல்ல, பின்பலகையில் இருந்த ஒரு பிள்ளையின் இரண்டு கால்களை, சிவப்புச் செருப்பு, ஆட்டிக்கொண்டு இருந்தது. பிரேக்கை முழுதாக மிதித்தேன். பெடல் காலுக்குக் கீழே படபடவென்று அதிர்ந்தது, கார் இடப்பக்கமும் இழுக்கவில்லை வலப்பக்கமும் இழுக்கவில்லை, நேராகப் போய் நின்றது. இடையில் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கிற அளவு இடம் மிச்சம் இருந்தது. பிள்ளை காலை ஆட்டுவதை நிறுத்தவேயில்லை.

எங்கள் பழைய வானை அந்த இடத்தில் மிதித்திருந்தால் அது குறுக்கே திரும்பியிருக்கும், அதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். வசதி, பெயர், பொனற்றில் இருக்கிற சின்னம் எல்லாம் ஒரு பக்கம், எனக்கு இந்த வகைக் கார் என்றால் அந்த பிரேக்தான்.

உருத்திரபுரம்வாசி:

தம்பி சொன்னது சரி, ஏ9இல் எந்த நல்ல காரும் நல்ல கார்தான். ஏ9ஐ விட்டு இறங்கின பிறகு என்ன நடக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் ஓடுவது அவுடி கியூ2, 999 சிசி, மூன்று சிலிண்டர், 116 குதிரைவலு. 1000 சிசிக்கு உள்ளே இருந்தால் வரி குறைவு என்பதால்தான் அந்தச் சின்ன எஞ்சின் இலங்கைக்கு இவ்வளவு வந்தது, அது உங்களுக்குத் தெரிந்த கதை. சின்ன எஞ்சின் என்று யாராவது சொன்னால் அவரை ஏற்றிக்கொண்டு முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து கிளிநொச்சி வரை ஒருமுறை போய்க் காட்டுவேன். 200 நியூட்டன் மீற்றர் இழுவிசை, அதுவும் எஞ்சின் குறைந்த சுற்றில் இருக்கும்போதே வந்துவிடும், நாலு பேரோடு முந்திப் போவதற்குத் தயங்காது.

ஆனால் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை கிறவல், இடையில் வாய்க்காலுக்கு மேல் ஒரு மதகு. மாரி முடிந்த கையோடு போனோம். மழை கிறவலை அரித்துக்கொண்டு போய்விட்டது, மதகின் கொங்கிறீற் விளிம்பு மட்டும் படிபோல எழும்பி நிற்கிறது. கியூ2இன் அடிவயிறு நிலத்திலிருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர்தான், பார்வைக்கு எஸ்யூவி, உயரத்துக்குச் சாதாரண கார். நான் நிறுத்திவிட்டேன். எல்லாரையும் இறக்கினேன். மாமா கோயிலுக்குப் போய்விட்டு வந்த வெள்ளை வேட்டி, ஒன்றும் சொல்லாமல் அப்படியே மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு காருக்குக் கீழே பார்த்தபடி கையைக் காட்டினார், "வா, வா, கொஞ்சம் இடப்பக்கம், வா". ஒரு விரல் இடைவெளியில் போய்ச் சேர்ந்தது. எழும்பும்போது மார்பெல்லாம் சிவப்பு மண். அந்த மனுசனுக்கு வயது 70க்கு மேல். இந்தக் காரை வாங்க வேண்டாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான், அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முத்தையன்கட்டு விவசாயி:

நீங்கள் இரண்டு பேரும் எஸ்யூவி எஸ்யூவி என்று எழுதுகிறீர்கள். எது எஸ்யூவி? புளியங்குளத்தான் ஓட்டிய எஃப்48 எஸ்டிரைவ் என்கிற வகை, முன் சக்கரத்தால் இழுக்கிற கார். அதற்கு முந்திய ஈ84இலாவது எஸ்டிரைவ் என்றால் பின் சக்கரம் தள்ளியது. நான்கு சக்கரமும் வேண்டுமென்றால் எக்ஸ்டிரைவ் எடுத்திருக்க வேண்டும், இங்கே எத்தனை பேர் அதை எடுத்தார்கள்? கியூ2 1.0 முன் சக்கரம் மட்டும். பெரிய சக்கரம், கறுப்புப் பிளாஸ்ரிக் விளிம்பு, உயர்ந்த பொனற் எல்லாம் வைத்துவிட்டால் சேறு வழி விடாது.

கார்த்திகை மழையில் நெடுங்கேணிப் பக்கம் ஒரு வயல் பாதையில் இப்படி ஒரு கார் புதைந்து நின்றது, பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம், தங்கள் காணியைப் பார்க்க வந்தவர்கள். ட்ரக்ரரைக் கொண்டு போனேன். கயிற்றை எங்கே கட்டுவது? பம்பரில் ஓர் ஓட்டையும் இல்லை, கீழே எல்லாம் பிளாஸ்ரிக் தட்டு. ஓடியவருக்கும் தெரியவில்லை. மழை ஊற்றுகிறது, பிள்ளைகள் உள்ளே அழுகிறார்கள், நான் பின்னால் பூட் தட்டுக்கு அடியில் கிடந்த பெட்டியைத் திறந்து பார்த்தால் நட்டுக் கழற்றுகிற சாவிகளோடு ஒரு இரும்பு வளையம். பம்பரில் உள்ளங்கையளவு சின்ன மூடி ஒன்று, அதைக் கிளப்பினால் உள்ளே புரி. வளையத்தை அதில் திருகி முறுக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அந்தத் தாய் மழைக்குள் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார், காரைப் பற்றியல்ல, அந்தக் காணியில் தன்னுடைய தகப்பன் வைத்த மாமரம் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்று சொன்னேன்.

சரி, இனி வாங்குகிறவர்களுக்கு. சேற்றில் சக்கரம் சுழன்றால் இந்தக் கார்களின் கணினி எஞ்சினின் வலுவைக் குறைத்துவிடும், நீங்கள் அழுத்த அழுத்த அது அடங்கும். இழுவைக் கட்டுப்பாட்டை நிறுத்துகிற பொத்தான் இருக்கிறது, புதைந்த இடத்தில் மட்டும் அதை நிறுத்திவிட்டு, ஸ்ரியரிங்கை நேராக்கி, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். ரயர் சில்லைப் பாருங்கள், அகலமாக, சுவர் மெல்லியதாக இருந்தால் கிறவல் கல்லுக்கு அது நிற்காது. 19 அங்குல றிம் அழகு, வன்னிக்கு 17 போதும். ஒழுங்கை மோசமென்றால் டபுள் கப், இரண்டு வரிசைச் சீற் உள்ள பிக்கப், எடுங்கள். வேறு பேச்சில்லை.

மல்லாவி ஓட்டுநர்:

வாடகைக்கு ஓடுகிறவன் நான், ஆளாளுடைய காரையும் ஓட்டிக் கொடுப்பேன். விவசாயி அண்ணா சொன்ன ரயர் விசயத்துக்கு என்னுடைய கதை.

ஏ32ஆல் மன்னாருக்குப் போகிறோம், பூநகரி கழிந்து வெள்ளாங்குளம் தாண்டி இரவு. ஒரு ஜேர்மன் கார், உரிமையாளர் பக்கத்தில். முன்னால் ரயர்க் காற்று எச்சரிக்கை மஞ்சளாக எரிந்தது. இறங்கிப் பார்த்தால் நாலு ரயரும் ஒரே மாதிரி நிற்கின்றன. ரோச் அடித்துப் பார்த்தேன், கையால் அழுத்தினேன், ஒன்றிலும் வித்தியாசமில்லை. அந்த வீதியில் அந்த நேரம் ஒரு வெளிச்சமும் கிடையாது, காட்டுக்குள் ஏதோ கிளை முறிகிற சத்தம் கேட்டது, யானையாக இருக்கும் என்று உரிமையாளர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். ரன்பிளட் ரயர் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. காற்று முழுக்கப் போனாலும் பக்கச் சுவர் காரைத் தாங்கி நிற்கும். மணிக்கு 80ஐத் தாண்டாமல் 80 கிலோமீற்றர் வரை போகலாம் என்பது கணக்கு. நான் 50இல் பிடித்துக்கொண்டு மன்னார் வரை கொண்டு போய்ச் சேர்த்தேன். அந்த இருட்டில் ஜக் வைக்காமல் போக முடிந்ததே, அதற்காக அந்த ரயரைச் செய்தவரைக் கும்பிடலாம்.

காலையில் கதை மாறியது. ரயர் கடையில் "இதை ஒட்ட மாட்டோம், காற்றில்லாமல் ஓடியது, உள்ளே சுவர் போயிருக்கும்" என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். மாற்றுச் சில்லு காரில் இல்லை. அந்த அளவு ரயர் மன்னாரில் இல்லை, வவுனியாவில் இல்லை, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். காத்திருந்தோம். போகிற இடத்தில் செத்த வீடு, உரிமையாளருடைய சொந்தத் தமையன். கார் லொட்ஜ் முற்றத்தில் பளபளவென்று நிற்க, அவர் முச்சக்கர வண்டியில் ஏறிப் போனார். போகும்போது ஒருமுறை திரும்பிக் காரைப் பார்த்தார்.

விசுவமடு ரீச்சர்:

விவசாயி அண்ணாவுக்கு ஒரு சொல். எல்லாரும் டபுள் கப் எடுக்க முடியாது. என் அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, டபுள் கப்பில் ஏற்ற இரண்டு பேர் தூக்க வேண்டும், சின்னக் காரில் என்றால் குனிந்து உள்ளே விழுந்தாற்போல இருக்க வேண்டும். இந்த வகைக் காரின் சீற் சரியாக இடுப்பளவு உயரம், அவர் திரும்பி இருந்து காலை உள்ளே எடுத்தால் சரி. மாதாமாதம் கிளினிக் கொண்டு போகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நீங்கள் சேற்றைக் கொண்டு அளக்கிறீர்கள், நான் அம்மாவின் முழங்காலைக் கொண்டு அளக்கிறேன்.

என்னைக் குழப்பிய விசயம் வேறு. என் சொந்த அண்ணாவின் கார், ஏ35ஆல் பரந்தனிலிருந்து வருகிறேன். பெரும்போக அறுவடை முடிந்த நேரம், வீதியின் ஒரு பாதி நீளத்துக்கு நெல் காயப் போட்டிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும். எதிரே ஒருவரும் இல்லை, நெல்லை விட்டு விலகி நடுக்கோட்டைத் தாண்டி எடுக்கிறேன், ஸ்ரியரிங் என் கையிலிருந்து திரும்புகிறது! யாரோ பக்கத்திலிருந்து பிடித்து இழுத்தது மாதிரி நெல்லை நோக்கி இழுக்கிறது. அங்கே ஒரு வயதுபோன அம்மா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நிற்கிறார், முதுகு எங்கள் பக்கம். நான் பலமாகப் பிடித்துத் திருப்பினேன், திரும்பியது, ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுங்கியது. நான் ஓட்டுகிற காருக்கு வேறொரு எண்ணம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கிளிநொச்சி கராஜ்:

ரீச்சர், அது பழுதல்ல. கண்ணாடிக்கு மேலே இருக்கிற கமெரா வீதிக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் சிக்னல் போடாமல் கோட்டைத் தாண்டினால், நித்திரையில் போகிறீர்கள் என்று நினைத்துத் திருப்பி இழுக்கும். சிக்னல் போட்டால் விட்டுவிடும். பல கார்களில் மணிக்கு 60ஐத் தாண்டினால்தான் அது வேலை செய்யத் தொடங்கும், ஆகவே நெல் போட்ட இடத்தில் 50இல் போனால் அநேகமாகத் தொல்லை இல்லை. நிறுத்தவும் முடியும்.

இந்தப் பக்கத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கியூ2இன் ஏழு கியர்ப் பெட்டி இரட்டைக் கிளச், அதுவும் எண்ணெயில் ஊறாத காய்ந்த கிளச். கிறவல் ஒழுங்கையில் பிரேக்கை அரைவாசி பிடித்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளச் சூடாகும். நின்றால் முழுதாக நில்லுங்கள், போனால் முழுதாக விட்டுப் போங்கள், கோயில் திருவிழா நெரிசலிலும் இதுதான். பெற்றோல் மூடிக்கு உள்ளே ஒக்ரேன் 95 என்று எழுதியிருந்தால் 95தான், ஷெட்டில் 92 மட்டும் இருக்கிறது என்று கிடைத்ததை ஊற்றாமல் ஏ9ஆல் வரும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். வாங்கப் போகும்போது பூட் தட்டைத் தூக்கிப் பாருங்கள், மாற்றுச் சில்லு இருக்கிறதா, ரன்பிளட்டா, அல்லது காற்றடிக்கிற மோட்டரும் பசைப் போத்தலும் மட்டுமா என்று. ரன்பிளட் என்றால் அதே அளவில் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள், மல்லாவித் தம்பி பட்டது யாருக்கும் வரக் கூடாது. விவசாயி சொன்ன இழுவை வளையமும் அந்தத் தட்டுக்குக் கீழேதான், ஒருமுறை வீட்டு முற்றத்தில் வைத்துத் திருகிப் பழகுங்கள். இன்னொன்று, 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தது, ஆகவே பழையது வாங்கினால் அநேகமாக 2020க்கு முந்திய காராகத்தான் இருக்கும். மைலேஜை நம்பாதீர்கள், ஸ்கேன் பண்ணிப் பார்த்து, கீழே தட்டுகளைக் கழற்றி, கிறவல் அடித்த வடுவைப் பார்த்து வாங்குங்கள்.

விசுவமடு ரீச்சர்:

நன்றி அண்ணா. சிக்னல் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடி விட்டுவிட்டது. ஆனால் நெல்லுக்கு நெல் சிக்னல் போட்டால் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் நான் வலப்பக்கம் ஒழுங்கைக்குள் திரும்பப் போகிறேன் என்று நினைத்து இடப்பக்கத்தால் நெல்லுக்கு மேலே ஏறி முந்துகிறார். அதனால் பரந்தன் சந்தியில் திரும்பியதுமே அந்த வசதியை நிறுத்திவிட்டு வருகிறேன், நெல் அள்ளி முடியும் வரை அப்படித்தான்.