புதுப்பிப்பு: ஸ்பானிஷில் கேள்வி கேட்பது, கியூபா வழக்கு

போன பதிவில், கேள்விச் சொல்லுக்கு அடுத்து வினை, அதற்குப் பிறகுதான் எழுவாய் என்று எழுதியிருந்தேன். 'உனக்கு என்ன வேண்டும்' என்பதற்கு 'கே கியேரெஸ் தூ?' என்று உதாரணமும் கொடுத்திருந்தேன் ('கே' என்றால் என்ன, 'கியேரெஸ்' என்பது வினை, 'தூ' என்றால் நீ). கியூபாக்காரர்கள் 'கே தூ கியேரெஸ்?' என்கிறார்களே, அது தப்பா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

தப்பே இல்லை. கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு மூன்றிலும் 'தூ' வினைக்கு முன்னால் வருவது அன்றாடப் பேச்சு, ஸ்பெயினின் மத்ரீத்தில் அப்படிக் கேட்டால் கரீபியன் பக்கத்து ஆள் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது, எழுவாயையே விட்டுவிடுங்கள். 'கே கியேரெஸ்?' போதும். தமிழில் 'வருகிறாயா' என்றால் நீ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லையே, ஸ்பானிஷிலும் வினையின் விகுதி ஆளைக் காட்டிவிடும்.

அப்புறம், ஆம்-இல்லை கேள்விக்குச் சொல் வரிசையை மாற்றவே வேண்டாம், கடைசியில் குரலை உயர்த்தினால் சரி. எழுத்தில் குரல் கேட்காது, அதனால்தான் தொடக்கத்திலேயே தலைகீழ் கேள்விக்குறி. ஸ்பானிய அரச அகாதெமி 1754இல் கொண்டுவந்த அருமையான ஏற்பாடு அது. போனில் தட்டும்போது ஸ்பானியர்களே பலர் அதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் கற்கும் காலத்தில் நீங்கள் விடாதீர்கள்.