ஆசிட் டிரம் அனுப்ப ஒரே விவரத்தை எத்தனை தடவை எழுதுவது?

பால்மரத்தான் (பந்திங்):
ரப்பர் பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட்டை இங்கிருந்து கிளாங் துறைமுகம் வழியாகச் சபா மாநிலத்துக்கு அனுப்புகிறோம். அபாயச் சரக்கு, அதனால் அறிவிப்புப் படிவம், கண்டெய்னரில் ஏற்றியதற்குச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் ஐ.நா. எண் (ஒவ்வொரு அபாயப் பொருளுக்கும் உள்ள நாலு இலக்க எண்), அபாய வகுப்பு, எடை என்று அதே விவரத்தை எங்கள் ஆபீஸ் கிராணி எழுதி, ஏஜெண்டு மறுபடி கம்ப்யூட்டரில் தட்டி, கப்பல் கம்பெனியும் தட்டுகிறது. போன மாதம் 85 சதவீத ஆசிட்டுக்கு ஐ.நா. எண் 3412 என்று போட வேண்டிய இடத்தில் ஏஜெண்டு ஆபீசில் பழைய தாளைப் பார்த்து 1779 போட்டுவிட்டார்கள். அது 85-க்கு மேல் உள்ளதற்கு, தீப்பற்றும் அபாயமும் சேர்ந்தது. அது மாட்டித் திருத்துவதற்குள் கப்பல் போய்விட்டது. துறைமுக வாடகை, லோரி காத்துக் கிடந்த கூலி, திருத்தக் கட்டணம் எல்லாம் எங்கள் தலையில். ஒரே தடவை கம்ப்யூட்டரில் நிரப்பி, எல்லாரும் அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

துறைமுகவாசி:
சிரமம் புரிகிறது அண்ணே, ஆனால் தாளை ஒழித்தால் தீராது. 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 25 டன் நைட்ரிக் ஆசிட் இருந்தது. வழியிலேயே கசிவது தெரிந்தும் கத்தாரிலும் இந்தியாவிலும் அந்தக் கண்டெய்னரை இறக்க விடவில்லை. கசிவை கம்ப்யூட்டர் பார்க்குமா? டிரம் மூடி இறுகியிருக்கிறதா என்று ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். அப்புறம், போன் லைன் கிடைக்காத தோட்டத்துச் சாலையில் லோரி கவிழ்ந்தால், தீயணைக்க வரும் பொம்பாக்காரர் கையில் எதைக் கொடுப்பீர்கள்?

சின்னக்கடை:
மாதத்துக்கு நாலு டிரம் அனுப்புகிறவன் மென்பொருளுக்கு எங்கே போவான்? அதையும் பேசுங்கள்.

பால்மரத்தான்:
லோரியில் தாள் இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கப்பலில் அபாயச் சரக்கு ஏற்றுவதற்கான ஐ.எம்.டி.ஜி. சர்வதேச விதியே தாளுக்குப் பதில் மின்னணு வழியை அனுமதிக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் கப்பல் வந்துபோகும் விவரங்களை மின்னணு வழியில் ஒரே இடத்தில் கொடுக்கும் ஒற்றைச் சாளர முறை கட்டாயம். கப்பலுக்கு முடிந்தது சரக்குக்கு முடியாதா? துறைமுகமே இலவசமாக ஒரு மின்னணுப் படிவம் தரட்டும், சின்னக் கடைக்காரருக்கும் அதுதான் வழி. 85 சதவீதம் என்று எழுதி 1779 போட்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். டிரம்மைப் பார்க்க ஆள் வேண்டும் என்கிறீர்கள், சரி, எங்கள் கிராணி அன்று முழுக்கத் திருத்தக் கடிதத்துக்கு சாப் (முத்திரை) அடிக்க அலைந்தார், டிரம் பக்கம் ஒருவரும் போகவில்லை.

துறைமுகவாசி:
அது நியாயம். ஆனால் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்ததால்தான் உங்கள் 1779 மாட்டியது. ஒரே இடத்தில் நிரப்பினால் தப்பும் ஒரே அடியாக எல்லாருக்கும் போகும்.

பால்மரத்தான்:
பார்க்கட்டும், மூன்று பேரும் பார்க்கட்டும். மறுபடி தட்டத்தான் வேண்டாம் என்கிறேன். ஆசிட்டின் பாதுகாப்புத் தகவல் தாளைப் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட எவ்வளவு நேரம் ஆகும்?