புதிய பீடத்துக்கும் பழைய கோயிலுக்கும் என்ன வேறுபாடு என்று பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

விசுவமடு வாசகி:

வணக்கம். என் பெரியம்மாவின் மகன் 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவர். 2017இல் கிளிநொச்சியில் காணாமற்போனவர்களின் உறவுகள் பந்தல் போட்டுப் போராடியபோது பெரியம்மாவும் அங்கே இருந்தார். இப்போது மூன்று ஆண்டுகளாக, வீட்டோடு ஒரு பீடம் அமைத்திருக்கும் சாத்திரக்கார ஐயா ஒருவரிடம் போய் வருகிறார். வெற்றிலையில் மை தடவிப் பார்த்த அவர், பிள்ளை உயிரோடு தெற்கில் ஒரு முகாமில் இருக்கிறான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பிள்ளை வெளியே வரும் நாளையும் குறித்துக் கொடுத்தார். பெரியம்மா அதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு குறித்த நாட்களையும் சேர்த்தால் அந்தக் கொப்பியில் இப்போது ஏழு நாட்கள் இருக்கின்றன. ஏழும் கடந்துவிட்டன.

ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்வினைக் கட்டு இருக்கிறது, விரதத்தில் மச்சம் (மீன், இறைச்சி) புழங்கியிருக்கிறது என்று ஒரு காரணம் வரும். அதைக் கழிக்க ஒரு தொகையும் வரும். இரண்டு பவுண் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. இந்த வைகாசியில் வட்டப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகக் கூடாது, நம்பிக்கையில்லாத தங்கையோடு (என் அம்மாவோடு) பேசக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். இது ஏமாற்று என்று நான் சொன்னதற்குப் பெரியம்மா, அந்தப் பொங்கலுக்குக் கடல்நீரில் எரிக்கும் விளக்கைச் சுட்டி, "கடல் தண்ணியிலை விளக்கு எரியுதெண்டு நீயும்தானே கும்பிட்டனீ?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையில் எந்த இடத்தில் கோடு போடுவது?

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியர்:

தங்கச்சி, உங்கள் பெரியம்மாவின் கேள்வி நியாயமானது. நம்புவதற்கு அரிய செய்தியைச் சொல்வதால் ஒன்று போலியாகிவிடும் என்றால் எந்தச் சமயமும் தேறாது. பழமையையும் அளவுகோலாக வைக்க முடியாது. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சமணத் தொடர்புடையது என்று கண்டித்தவர். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பின்னாளில் இராசராசேசுவரி, புவனேசுவரி என்று பெயர் மாறின. இன்று பழமையென்று நாம் போற்றுவதையே அன்றைய சைவப் பெரியவர் ஒருவர் ஏற்கவில்லை.

ஆகவே என்ன நம்புகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, நம்பியவரை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மாத்தளையில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்குப் போய் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். வாயிலிருந்து இலிங்கம் எடுக்கிறார், கையில் திருநீறு வருகிறது என்பதைப் பற்றித்தான் ஊரெல்லாம் வாதாடியது; ஆனால் 1997இல் நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது ஆசிரமப் பெண் பிள்ளைகளை வன்புணர்ந்ததற்கும் ஒரு கொலைக்கும். இலிங்கம் உண்மையா பொய்யா என்று வாதாடிக்கொண்டிருந்த காலம் முழுவதும், போக்கிடம் இல்லாத பிள்ளைகள் ஒரே மனிதரின் கையில் இருந்தார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை.

முள்ளியவளையான்:

உப்புநீர் விளக்கைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்த விளக்கு எங்கள் ஊர்க் காட்டா விநாயகர் கோயிலில்தான் முதலில் எரிகிறது. பாக்குத்தெண்டல் என்ற தொடக்கச் சடங்கு, கடல்நீர் கொண்டுவரும் தீர்த்தமெடுத்தல், பிறகு வட்டப்பளையில் பொங்கல் என்று வாரக்கணக்கில் நடக்கும் அந்த ஒழுங்கில் ஒவ்வொரு தொண்டும் வெவ்வேறு ஆட்களின் உரிமையாகப் பிரிந்து கிடக்கிறது; அத்தனையையும் தன் கையில் வைத்திருக்கும் ஒருவர் அங்கே இல்லை. நேர்த்தியை நீங்களே வைக்கிறீர்கள். காவடி எடுப்பதா, பொங்குவதா, ஒரு கற்பூரத்தோடு நிறுத்துவதா என்பது உங்களுக்கும் அம்மாளுக்கும் இடையிலான பேச்சு. வைத்த காரியம் நடக்காவிட்டால், இன்னும் இரண்டு பவுண் கொண்டு வா என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வருடம் நீங்கள் போகாமல் விட்டாலும் வீட்டுக்கு ஆள் வராது.

கோயில்காரர் எல்லோரும் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்துச் சிறு கோயிலொன்றின் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது கதிரை பறந்ததை நேரில் கண்டவன் நான். ஆனால் சண்டை பிடிப்பதற்கு அங்கே ஒரு கணக்கறிக்கை இருந்தது. உங்கள் ஐயாவிடம் பற்றுச்சீட்டுக் கேட்டுப் பாருங்கள்.

மாந்தைப் பக்கத்து வாசகர்:

நான் கத்தோலிக்கன். முள்ளியவளையார் சொன்னதை ஏற்றுக்கொண்டு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பங்குத் தந்தைக்கு மேலே ஆயர் இருக்கிறார், அவரை மாற்றலாம், விசாரிக்கலாம் என்று பெருமையாகச் சொல்லிவந்தோம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 2002ஆம் ஆண்டு வெளிவந்தது என்ன? பிள்ளைகளைக் கெடுத்த குருக்களை மேலிடமே ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றி மறைத்திருந்தது. நிலைபெற்ற சமயம் என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை; கேள்வி கேட்கச் சில வாசல்கள் அங்கே இருக்கின்றன, அவையும் சில வேளை பூட்டியிருக்கும், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது சங்கிலியைவிட, தங்கையோடு பேசாதே என்ற கட்டளைதான். எங்கள் மடு மாதா கோயில் திருவிழாவுக்குச் சைவச் சனமும் வருகிறது. யாரும் அவர்களிடம் வட்டப்பளையை விட்டுவிட்டு வா என்று கேட்பதில்லை. ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மதக்குழுத் தலைவர் தன் ஆட்களைக் கயானாக் காட்டுக்குக் கொண்டுபோய் உறவுகளிடமிருந்து பிரித்த பிறகுதான் 1978 நவம்பரில் 900க்கும் மேற்பட்டோர் அங்கே செத்தார்கள். உங்கள் பெரியம்மாவின் நிலை அதுவென்று சொல்லிப் பயமுறுத்தவில்லை. ஆனால் ஆளைத் தனிமைப்படுத்துவதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

இன்னொன்று: வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். 1954இல் அமெரிக்காவில் ஒரு சிறு கூட்டம் டிசம்பர் 21ஆம் திகதி பெருவெள்ளம் வரும், தங்களை மட்டும் பறக்கும் தட்டு வந்து ஏற்றும் என்று காத்திருந்தது. லியோன் பெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய ஆட்களும் அதற்குள் இருந்து பார்த்தார்கள். வெள்ளம் வராதபோது, வேலையையும் பொருளையும் விட்டு வந்தவர்கள் நம்பிக்கையை விடவில்லை. முன்பைவிட ஊக்கமாகப் பரப்பத் தொடங்கினார்கள். கொடுத்தது கூடக் கூட, அது வீண் என்று ஒப்புவது கடினமாகிறது. உங்கள் பெரியம்மாவுக்கோ, ஐயா பொய் என்றால் மகனும் இல்லை என்று ஆகிவிடும். அந்த இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்.

வவுனியா ஓய்வுநிலை ஆசிரியர்:

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய நம்பிக்கையைக் கொண்டிருக்கும் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. மையில் தெரிந்தது மெய்யா என்று பொலிஸார் தீர்மானிக்க முடியாது. பொய் சொல்லிப் பணமோ நகையோ வாங்குவது வேறு விடயம், அது ஏமாற்றுக் குற்றம். எப்போது, எவ்வளவு, எந்த வாக்குறுதிக்காக என்று எழுதி வையுங்கள்.

விசுவமடு வாசகி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு ஐயாவைப் பற்றி ஒன்றும் பேசாமல் அண்ணாவைப் பற்றி மட்டும் பேசினேன். அதன் பிறகு பெரியம்மா தானாகவே கொப்பியை எடுத்து வந்தார். நாட்களுக்கு எதிரே கொடுத்த காசை எழுதச் சொன்னேன். நான்கு நாட்களுக்கு எழுதினார், மற்ற மூன்றுக்கும் நினைவில்லை என்றார். என் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தபோது வாங்கிக் குடித்தார், ஆனால் பேசவில்லை. சங்கிலியின் அடகுச் சீட்டைக் கேட்டேன். பூசையில் வைக்க வேண்டும் என்று அதையும் ஐயா வாங்கி வைத்திருக்கிறாராம்.