கதைக்காக ஒரு கேம்: விட்சர் 3-ஆ, டிஸ்கோ எலிசியமா?

தூங்காநகரத்தான்:
ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன வாரம் முடித்தேன். அதன் நாயகன், கொள்ளைக்காரன் ஆர்தர் மார்கனை விட்டு இன்னும் வெளியே வர முடியவில்லை. துப்பாக்கியும் குதிரையும் அல்ல, அந்த மனிதனின் கதைதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. அதே அளவு கதை உள்ள கேம் ஒன்று சொல்லுங்கள். பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) இருக்கிறது. பாப்பா தூங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். பெரிய கேம் ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறேன்.

வெண்ஓநாய்:
யோசிக்கவே வேண்டாம் சகோ, தி விட்சர் 3. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015-இல் வெளியிட்டது. ஆர்தருக்குப் பிறகு இதன் நாயகன், கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடும் கெரால்ட் உங்களுக்கு அந்நியமாகத் தெரிய மாட்டார். இருவரையும் ஊர் ஒதுக்கி வைத்திருக்கிறது, இருவர் செய்யும் தொழிலுக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். கதையின் முன்பகுதியிலேயே வருவதுதான். வேலன் என்ற சதுப்பு நிலத்தில் ப்ளடி பாரன் என்று ஒருவர். மனைவியையும் மகளையும் காணவில்லை, தேடிக் கொடு என்கிறார். தேடிப் போனால், அவருடைய குடிக்கும் அடிக்கும் பயந்து அவர்களாகவே ஓடியது தெரிகிறது. இந்த ஆளுக்கா உதவுகிறோம் என்று மனம் கசந்திருக்கும் நேரத்தில், கருவிலேயே இறந்து முறையாக அடக்கம் செய்யப்படாத அவர் குழந்தை பேயுருவில் வருகிறது. அதை நீங்கள் வெட்டிப் போடலாம். இல்லை, பாரனே அதைக் கையில் ஏந்தி நடந்து, பெயர் வைத்து, வீட்டு வாசற்படியில் புதைக்கலாம். அவரை மன்னித்துவிடு என்று கேம் சொல்வதில்லை, தண்டி என்றும் சொல்வதில்லை. நான் மூன்று முறை விளையாடிவிட்டேன், அவரைப் பற்றி இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

ரெவஷோல்வாசி:
அந்தப் பாரன் பகுதி அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் அதில் உங்கள் கை என்ன செய்கிறது? பட்டனை அழுத்தினால் காலடித் தடம் சிவப்பாகத் தெரியும், பின்னாலேயே போகிறோம், வாள் வீசுகிறோம், பிறகு உட்கார்ந்து வசனம் கேட்கிறோம். கதை ஒரு பக்கம், விளையாட்டு ஒரு பக்கம்.

என் பரிந்துரை டிஸ்கோ எலிசியம், 2019. குடித்துக் குடித்து தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறிவாளர். விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒரு பிணம் தொங்குகிறது. மற்ற கேம்களில் வருவதுபோல் தனியாகச் சண்டை என்று ஒன்றும் இதில் கிடையாது. தர்க்கம், பரிவு, அதிகாரம் என்று 24 திறன்கள் அவர் தலைக்குள் தனித்தனிக் குரல்களாகப் பேசும். எதைச் செய்ய முயன்றாலும் இரண்டு பகடை உருளும். தோற்றாலும் கதை நிற்காது, வேறு பக்கம் திரும்பும். அறை வாடகை கட்டாமல் நழுவ முயன்று நான் பகடையில் தோற்றேன். ஓடிய வேகத்தில் சக்கர நாற்காலியில் இருந்த மூதாட்டி மேல் போய் விழுந்தார் மனிதர். வேறு கேமாக இருந்தால் முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பியிருப்பேன். இதில் திரும்பத் தோன்றவில்லை. இந்த ஆள் இப்படித்தான் விழுவார் என்று மனது ஏற்றுக்கொண்டது.

வெண்ஓநாய்:
நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் உட்காருபவரிடம் பத்து லட்சம் வார்த்தைகளுக்கு மேல் உள்ள கேமைக் கொடுக்கிறீர்களே! அதுவும் தமிழில் இல்லை. அந்த ஆங்கிலம் சாதாரண ஆங்கிலமும் இல்லை. அரசியல் சித்தாந்தங்கள், கற்பனை நாடுகளின் வரலாறு என்று வந்துகொண்டே இருக்கும். நான் நான்கு மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். படிப்பதற்கு நடுவே மூச்சு விட ஒரு குதிரைச் சவாரி, ஒரு சண்டை எனக்கு வேண்டும்.

அப்புறம், விட்சரில் கையும் கதையும் ஒட்டவில்லை என்பது சரியல்ல. முடிவு எதை வைத்து வருகிறது தெரியுமா? கெரால்ட்டின் வளர்ப்பு மகள் சிரி மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும்போது அவளோடு பனிப்பந்து எறிந்து விளையாடினீர்களா, 'எல்லாவற்றிலும் ஜெயிக்க வேண்டியதில்லை' என்று சொல்லிக் குடிக்க உட்கார்ந்தீர்களா? அவள் தனியாகப் பேசப் போகிறேன் என்றபோது விட்டீர்களா, கூடவே போனீர்களா? இப்படிச் சின்னச் சின்ன இடங்கள்தான். செய்யும்போது முடிவெடுப்பதாகவே தெரியாது. ஒரு அப்பாவுக்கு இதைவிட நெருக்கமான கேம் எனக்குத் தெரியாது.

ரெவஷோல்வாசி:
சிரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை நான் மறந்துவிட்டேன்.

ஆங்கிலத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் தமிழ் வழியில் படித்தவன். டிஸ்கோவில் எழுத்து பக்கம் பக்கமாகக் கொட்டாது, திரை ஓரத்தில் இரண்டு மூன்று வரிகளாக வரும். 2021-இல் வந்த ஃபைனல் கட் பதிப்பில் எல்லாவற்றுக்கும் குரல் உண்டு, பிஎஸ்4-இல் கிடைப்பதும் அதுதான். அதனால் பாதியை நான் கேட்டே புரிந்துகொண்டேன். ஒரு இரவுக்கு ஒருவரிடம் பேசினால் போதும். மொத்தமே 30 மணி நேரம்தான். விட்சர் முக்கியக் கதைக்கே 50 மணி நேரம் கேட்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால், இரண்டு மாதம் கழித்து தொடக்கத்தில் யார் என்ன சொன்னார் என்பது நினைவிருக்குமா?

பனங்காடு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீளமாக இருந்தால்தான் கதை என்று ஏன் இருவருமே நினைக்கிறீர்கள்? வாட் ரிமெயின்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச், 2017-இல் வந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் மீன் ஆலையில் வேலை பார்க்கும் லூயிஸ் என்று ஒரு இளைஞன். கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கால் மீனை இழுத்துத் தலையை வெட்ட வேண்டும், இடது ஸ்டிக்கால் அவன் கற்பனையில் ஒரு ராஜ்ஜியத்துக்குள் நடக்க வேண்டும். கற்பனை வளர்ந்து திரை முழுவதையும் மூடிவிடும். வலது கை மட்டும் பழக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டே இருக்கும். அலுத்துப்போன ஒரு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை என் இரண்டு கைகளும் உணர்ந்தன. ரெவஷோல்வாசி தேடும் ஒட்டுதல் இங்கேதான் முழுதாக இருக்கிறது.

வெண்பா என்ற கேமையும் விட்டுவிடாதீர்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை, 2023. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்டதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும்.

வெண்ஓநாய்:
இரண்டுமே நல்ல கேம்கள். ஆனால் அவர் கேட்டது ஆர்தரைப் போல ஒருவரை. ஆர்தர் ஏன் மனதில் நிற்கிறார்? 60 மணி நேரம் அவரோடு சாப்பிட்டு, வேட்டையாடி, முகாமில் தூங்கி எழுந்ததால்தான். அந்தப் பழக்கத்தை இரண்டு மணி நேரத்தில் உண்டாக்க முடியாது. லூயிஸுக்காக நானும் வருந்தினேன், ஆனால் அவனோடு நான் வாழவில்லை.

ரெவஷோல்வாசி:
இதில் வெண்ஓநாயோடு முழுதாக ஒத்துப்போகிறேன். டிஸ்கோவில் கிம் கிட்சுராகி என்று ஒரு சக அதிகாரி கூடவே வருவார். அவர் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கும் நிலைக்கு நான் வர நாட்கள் ஆயின. அவசரப்படுத்தியிருந்தால் அது வந்திருக்காது.

தூங்காநகரத்தான்:
மூன்று வாரம் ஆகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. முதலில் வெண்பாவைக் கணினியில் விளையாடினேன். இட்லிப் பானையில் தட்டுகளை நான் அடுக்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, ஆவி எப்படி மேலே போகும் என்று மனைவி பின்னாலிருந்து கேட்டாள். அன்று மீதிக் கதையை இருவரும் சேர்ந்தேதான் முடித்தோம்.

பிறகு விட்சர் 3 வாங்கினேன், சிரிக்காகத்தான். நேற்று பாரன் குழந்தையை ஏந்தி நடக்கும் இடம் வந்தது. ரெவஷோல்வாசி, அங்கே கை சும்மா இருக்கவில்லை. வழியெல்லாம் ஆவிகள் வந்து தாக்கும், அவற்றைத் தடுக்க வேண்டும். குழந்தை முரண்டு பிடிக்கும்போதெல்லாம் கெரால்ட்டின் மந்திரத்தால் அமைதிப்படுத்த வேண்டும். இரண்டு முறை அமைதிப்படுத்திவிட்டு, கேமை நிறுத்தி வைத்து, உள்ளே போய்ப் பாப்பாவைப் பார்த்தேன். போர்வையைக் காலால் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்த்திவிட்டு வந்து, வாசற்படி வரைக்கும் பாரனைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.