ஒளியொலிக் கலம்: மீடிறன் துலங்கலில் இரண்டு உச்சம். அவசர உதவி

வாவிக்கரை_மாணவி:
வணக்கம். கடைசி வருடச் செயற்றிட்டம். ஒளியொலிக் கலம் ஒன்று செய்து (துடிக்கும் ஒளி பட்டுச் சூடாகும் மாதிரி எழுப்பும் ஒலியைப் பிடிக்கும் சிறு பெட்டி) மீடிறன் துலங்கல் எடுக்கிறேன், அதாவது ஒளி துடிக்கும் வேகத்தை மாற்ற ஒலி எப்படி மாறுகிறது என்று. 490 ஹேர்ட்ஸில் ஓர் உச்சம். சரி, அது வர வேண்டியதுதான். ஆனால் 165 கிட்டவும் ஒன்று எழும்புகிறது. இரண்டு பரிவு வருமா, அதாவது கலம் தானே ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் இடம் இரண்டு இருக்குமா? திங்கள் சேரிடம் வரைபைக் காட்ட வேண்டும்.

கல்லடி_ரேடியோ:
தங்கச்சி, கலத்தின் அளவு என்ன? ஒளி எது? மாதிரி எது? எதால் வாசிக்கிறீர்கள்?

பழைய_ஆய்வுகூடம்:
அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது என்று இங்கே எத்தனை தரம் எழுதிவிட்டேன். ரோசன்ஸ்வைக், கெர்ஷோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1976 இலேயே இந்த ஒளியொலி விளைவுக்குக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒளி புகாத கருப்பு மாதிரியில் சமிக்ஞை மீடிறனுக்கு நேர்மாறாக விழும். அந்தச் சரிவைப் பிரித்தெடுக்காவிட்டால் வரைபு கலத்துடையதா மாதிரியுடையதா என்றே தெரியாது.

வாவிக்கரை_மாணவி:
மன்னிக்கவும் சேர். அலுமினியக் கலம், உள்ளே 2 கன செ.மீ. அதிலிருந்து 2 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. நீளமும் உள்ள குழாய், கூடவே எலெக்ட்ரெட் மைக். மாதிரி மெழுகுதிரிக் கரி. வெள்ளை எல்ஈடியை மொஸ்பெட்டால் (மின்னால் இயங்கும் ஆளி) அணைத்து அணைத்து எரிக்கிறேன்.

அக்கரைப்பற்று_றிஸ்வான்:
வெயில்தான் காரணம். காலையில் ஒரு வெப்பநிலை, மத்தியானம் வேறு. ஒலி வேகம் மாறும், பரிவும் ஓடும்.

கல்லடி_ரேடியோ:
ஓடும், ஆனால் எவ்வளவு? 25 பாகையிலிருந்து 33க்கு ஏறினால் வேகம் 1.3 சதவீதம் கூடும். 490 என்பது 496 ஆகும். 165க்கு இறங்காது. அளவுகளைப் போட்டுப் பார்த்தேன், ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்கு (கலத்தின் கனவளவையும் குழாயின் அளவையும் வைத்துப் பரிவைக் காண்பது) 490க்குக் கிட்டத்தான் வருகிறது. எதால் வாசிக்கிறீர்கள் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

கல்முனை_லேத்:
மூடியின் ஓ-ரிங்கை, அந்த ரப்பர் வளையத்தைப் பாருங்க. மூடியை இறுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் நசிந்தால் கசியும். நான் செய்த கலத்தில் இதே தொல்லை.

பழைய_ஆய்வுகூடம்:
கசிவு தாழ் மீடிறனில் சமிக்ஞையைக் குறைக்கும். உச்சத்தை உண்டாக்காது.

மதுரை_குமார்:
மீடிறன் என்றால் அதிர்வெண்தானே? ஏன் இந்தச் சொல்?

அக்கரைப்பற்று_றிஸ்வான்:
எங்கள் பாடநூலில் மீடிறன்தான். ஒரு நொடியில் எத்தனை தரம் மீள்கிறது என்பதை அப்படியே சொல்கிறது. எல்லா அலையும் அதிர்வதில்லையே, ஒளி எங்கே அதிர்கிறது?

மதுரை_குமார்:
மின்புலம் அதிர்கிறது ஐயா. ஒத்ததிர்வைப் பரிவு என்கிறீர்கள், அது அழகான சொல், எடுத்துக்கொள்கிறேன். மீடிறன் நாக்கில் நிற்கவில்லை.

கல்லடி_ரேடியோ:
மறுகா சண்டை பிடிக்கலாம், பிள்ளைக்குத் திங்கள் வேலை. தங்கச்சி, வாசிப்பது?

வாவிக்கரை_மாணவி:
மல்டிமீட்டர், ஏசியில். பெருக்கிக்குப் பிறகு. ஒளியைக் கடதாசியால் மறைத்தால் பூச்சியம் வருகிறது, அதனால் மின்னிரைச்சல் இல்லை.

கல்லடி_ரேடியோ:
அதுதான். அணைத்து எரிப்பது சதுர அலை. அதில் மூன்றாம், ஐந்தாம் இசையங்களும், அதாவது மூன்று மடங்கு, ஐந்து மடங்கு மீடிறன்களும் உண்டு. எல்ஈடி 163இல் துடிக்கும்போது மூன்றாவது 489இல் விழுகிறது, கலம் அதைத் தூக்கிக் கொடுக்கிறது, மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுகிறது. கலத்துக்கு ஒரே பரிவுதான். ஐந்தாவதால் 98 கிட்டவும் சின்னதாக ஒரு மேடு இருக்க வேண்டும், இருந்ததா? மைக்கைக் கணினியின் ஒலி உள்ளீட்டில் கொடுத்து, எஃப்எஃப்டி (ஒலியை மீடிறன் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போட்டு, துடிக்கும் மீடிறனின் வீச்சை மட்டும் எடுங்கள். அல்லது சைன் அலையால் ஓட்டுங்கள், எல்ஈடி அணைந்துவிடாமல் டிசி (மாறாத நேரோட்டம்) கொடுத்து. கரியை மாற்ற வேண்டாம், 1880களின் தொடக்கத்தில், தொலைபேசி செய்த கிரகம் பெல்லுக்கும் விளக்குக் கரிதான் பலமாக ஒலித்தது.

பழைய_ஆய்வுகூடம்:
சரியான விளக்கம். பிறகு ஒவ்வொரு வாசிப்பையும் மீடிறனால் பெருக்கி வரையுங்கள். கரியின் சரிவு போய்க் கலம் தனியே தெரியும்.

வாவிக்கரை_மாணவி:
எஃப்எஃப்டி போட்டேன், 165 இல்லை. 98இல் இருந்தது, மெயின்ஸ் மின்சாரத்தின் 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் என்று நினைத்து அந்தப் புள்ளிகளை அழித்திருந்தேன். நன்றி அண்ணா, நன்றி சேர்.