என் கற்பனை மொழியில ‘தங்கம்’ அடையாளமே தெரியாம போச்சு, என்ன செய்ய?

பாளை_பையன்:
ஒரு கதைக்காக மூணு வருசமா ஒரு மொழி உருவாக்கிட்டு இருக்கேன். அதுல ‘கெலு’ன்னா மினுங்குறது, அதுல இருந்து வந்தது ‘கெலன்’, தங்கம். ஆயிரம் வருசம் கழிச்சு எப்படி ஆகும்னு விதி போட்டு பாத்தா முன்னாடி உள்ள க, ச ஆயிருது, கடைசி ன் விழுந்துருது, ‘செல’ன்னு நிக்கு. மினுங்குற வேரே போச்சேன்னு மனசு கெடந்து அடிக்கு. அண்ணாச்சிமாரே, வழி சொல்லுங்க.

குறுக்குத்துறை:
விதி சரிதான் தம்பி. கன்னடத்துல ‘கிவி’, நமக்கு ‘செவி’. பழைய கன்னடத்துலயும் பொன் ‘பொன்’தான், அங்க முதல்ல வார ப, ஹ ஆனதால இப்ப ‘ஹொன்னு’, பால் ‘ஹாலு’ ஆச்சுல்லா அதே மாதிரி. ஆனா விதின்னா எல்லா சொல்லுக்கும் ஓடணும், அப்ப ‘கெலு’வும் ‘செலு’ ஆயிரும்லா? மினுங்குறது செலு, தங்கம் செல. வேரு எங்கயும் போகல.

பட்டறை_பேரன்:
இன்னொண்ணு சொல்லுதேன். எங்க தாத்தா ஆசாரி, நான் பட்டறையில வளந்தவன். நகை செய்ய வாரவிய எல்லாம் தங்கம் என்ன விலைன்னுதான் கேப்பாவ, ஆனா தாலிக்கு உருக்குற அன்னைக்கு மட்டும் அது ‘பொன்னுருக்கு’, ‘தங்க உருக்கு’ன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல. குகையில, அதான் தங்கத்த வச்சு உருக்குற சின்ன கிண்ணத்துல, ஒரு சிட்டிகை வெங்காரம் போட்டு தாத்தா ஊதுகுழல எடுத்து ஊதுவாவ, கொஞ்ச நேரத்துல அது திரண்டு சின்ன முத்தா உருளும், பொண்ணு வீட்டு ஆச்சிமார் எல்லாம் குனிஞ்சு அதையே பாத்துட்டு இருப்பாவ. முன்ன பொன்னுன்னா எல்லா உலோகமும்தான், இரும்பு கரும்பொன், சிலை செய்ய ஐம்பொன். செய்யுள்ல அதே பொன் ‘பொலம்’னு வரும்னு தொல்காப்பியத்துலயே இருக்கு, பொலந்தார்னா பொன்மாலை. அந்த ல-வ கேக்கும்போதெல்லாம் எனக்கு ‘பொலிவு’தான் ஞாபகம் வரும். அதனால கடைவீதியில செல இருக்கட்டும், பழைய கெலன கல்யாணச் சொல்லுலயும் பாட்டுலயும் விட்டு வைங்க, அங்கெல்லாம் சொல்லு சீக்கிரம் தேயாது.

நெல்லை_வாசகி:
‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதை எழுதுன டோல்கீன் உருவாக்குன குவென்யா மொழியில தங்கங்குற உலோகத்துக்கு ‘மால்ட்டா’, பொன்னா அடிக்குற வெளிச்சத்துக்கு ‘லௌரே’, ரெண்டும் வேற வேற. சாயங்காலம் ஆத்துல விழுற வெளிச்சத்துக்கு உங்க மொழியில என்ன சொல்லு வச்சிருக்கீங்க?

பாளை_பையன்:
வைக்கவே இல்லக்கா, அதுக்கு கெலன்தான். பட்டறை அண்ணாச்சி, உருக்குற சடங்குக்கும் இன்னைக்கு ராத்திரியே ஒரு சொல்லு எழுதுதேன். அந்த குகை மண்ணுல செஞ்சதா, அதுக்கும் ஒரு பேரு வைக்கணும்.